ஒரு மூச்சு பிந்தி வந்த பதில்

முதலில் என் கையெழுத்தையும் எழுத்துப் பிழைகளையும் மன்னித்துக்கொள்ளுங்கள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு நின்றவன் நான். மாத்தளை டவுனில் ஒரு ஏலக்காய் ஸ்டோரில் காய் பொறுக்கிப் பொறுக்கி விரல் நுனியெல்லாம் மரத்துப் போய்விட்டது, பேனாவைப் பிடித்தால் வழுக்குகிறது. வாயால் சொல்லிவிடலாம் என்றால் நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

பேய், ஆவி என்று யாராவது சொன்னால் நான் எழுந்து போய்விடுகிற ஆள். இரத்தோட்டைக்கு மேலே நாங்கள் இருந்த தோட்டத்தில் பாலத்தடியில் முனி நிற்கிறது என்று ஊரே சுற்றிப் போகும்போது நான் அந்தப் பாலத்தில் உட்கார்ந்து பீடி குடித்திருக்கிறேன். இதைப் படிக்கிற நீங்களும் நம்ப மாட்டீர்கள். நம்பாவிட்டால் பரவாயில்லை, முழுவதும் படித்துவிட்டு நம்பாமல் இருங்கள்.

ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட வருடம், பட்டாளத்துக்கு மண் வெட்டவும் சாமான் தூக்கவும் ஆள் எடுத்தார்கள். கங்காணி எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து என் பெயரையும் கொடுத்துவிட்டார். எனக்குப் பதினெட்டு வயது. மாத்தளையில் வைத்து உயரம் அளந்தார்கள், நெஞ்சு அளந்தார்கள், கைநாட்டு வாங்கினார்கள். அதுவரைக்கும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. லொறி வருகிற நாள் விடிந்ததும் போகப் பயந்துவிட்டேன். ஏலக்காட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டேன்.

லொறி போன சத்தம் கேட்ட பிறகுதான் வீட்டுக்கு வந்தேன். என் அண்ணன் கருப்பையா வீட்டில் இல்லை. என் சட்டை இல்லை. என் பிறப்புச் சான்றிதழும் இல்லை. அண்ணன் இந்தியாவில் பிறந்தவன், அவனுக்குச் சான்றிதழே கிடையாது. எனக்கு இருந்தது. ஆள் வரவில்லை என்றால் பொலிஸ் வந்து என்னை இழுத்துக்கொண்டு போகும் என்று, எனக்குப் பதிலாக அவன் என் பெயரில் லொறி ஏறிவிட்டான். எங்கள் இரண்டு பேருக்கும் முகம் ஒரே அச்சு. யாருக்கும் தெரியவில்லை.

அம்மா என்னை அடிக்கவில்லை. "செல்லமுத்து லொறியில ஏறிப் போயிட்டான். இனி நீதான்டா கருப்பையா. செத்தாலும் வாயத் தொறக்காத," என்றார். அந்த மாதமே டவுனுக்கு வந்துவிட்டோம். என்னை யாருக்கும் தெரியாத இடத்தில் நான் கருப்பையா ஆனேன். அடுத்த வருடம் தபாலில் கடுதாசி வந்தது. செல்லமுத்து வெளிநாட்டில் பாலைவனத்தில் இறந்துவிட்டான் என்று. அம்மா சாகிற வரைக்கும் அண்ணனுக்கு விளக்கு வைக்கும்போது அவன் பெயரை வாய்விட்டுச் சொன்னதே இல்லை. உதடு மட்டும் அசையும்.

சண்டை முடிந்து கொஞ்ச வருடத்தில் டவுன் மைதானத்து ஓரத்தில் ஒரு கல் நட்டார்கள். இந்தப் பக்கத்திலிருந்து போய்த் திரும்பாதவர்களின் பெயர்கள் அதில் வெட்டியிருக்கின்றன. அதில் என் பெயரும் இருக்கிறது. உயிரோடு இருக்கிற ஒருவன் கல்லில் வெட்டின தன் பெயரைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு விளக்கத் தெரியவில்லை. நான் ஸ்டோருக்குப் போக வர எதிர்ப்பக்க ரோட்டைத்தான் பிடிப்பேன்.

அறுபத்தாறாம் வருடம் சாலி நானா ஸ்டோருக்கு வந்தார். பட்டாளத்தில் இருந்து இரண்டு கண்ணும் போய்த் திரும்பியவர். கம்பைத் தட்டிக்கொண்டு தனியாகவே டவுன் முழுக்க நடப்பார். வாசலில் நின்று, "செல்லமுத்துட அண்ணன் இங்கதானே வேல செய்ற?" என்றார். எனக்குக் கையிலிருந்த சுளகு சரிந்து காயெல்லாம் தரையில் கொட்டியது.

"நீங்கதானா? இத்தன வருஷமா பக்கத்துலயே இருந்துக்கிட்டு ஒரு நாள் வரல்லையே. நாங்க நவம்பர்ல கல்லடியில கூடுறோம். ஒவ்வொருத்தன்ட பேரையும் நான்தான் கூப்பிடுறேன். அவனவன் குடும்பத்து ஆளு முன்னுக்கு வந்து 'இருக்கோம்' எண்டு சொல்லோணும். ஒங்கட தம்பி பேருக்கு மட்டும் ஆளே இல்ல. நான் கூப்பிட்டுட்டு நிக்கிறேன், நிக்கிறேன்... வாங்க, இந்த வருஷமாச்சும்."

வர முடியாது என்று சொல்ல நினைத்தவன், சரி என்று தலையைத்தான் ஆட்டினேன். அவருக்குக் கண் தெரியாதே, நான் தலையாட்டினது எப்படித் தெரிந்ததோ, "சரி, வாறீங்க எண்டா சரி," என்று சொல்லிவிட்டுப் போனார். என் மனைவி வள்ளியம்மைக்கு அப்போது ஒன்றும் தெரியாது. "கூடப் பொறந்த தம்பிக்கு ஒரு வார்த்த சொல்லப் போக மாட்டீங்களா? அப்படி என்ன வெக்கம், பொண்ணு பாக்க வந்த மாதிரி!" என்று சட்டையைத் துவைத்துக் கொடுத்து அனுப்பிவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி. இராத்திரி இல்லை, நல்ல பகல். மழை விட்டுத் தூவானம் போட்டுக்கொண்டிருந்தது. பழைய பட்டாளத்துக்காரர்கள் ஏழெட்டுப் பேர், பூச்சி அரித்த கோட்டில் பதக்கம் குத்திக்கொண்டு ஒரு பக்கம். குடும்பத்துக்காரர்கள் எதிர்ப்பக்கம். என் பக்கத்தில் சோமாவதி அம்மே என்ற சிங்களக் கிழவி. அவருடைய மகன் பெயரும் கல்லில் இருக்கிறது. என் முதுகுக்குப் பின்னால் யாரும் இல்லை. புல்லும், அதற்கப்பால் கம்பி வேலியும்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு நிமிடம் மௌனமாக நின்றோம். பிறகு சாலி நானா மனப்பாடமாகப் பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தாயோ அண்ணனோ மனைவியோ ஒரு அடி முன்னால் வந்து, "இருக்கோம்" என்றார்கள். சோமாவதி அம்மே சிங்களத்தில் சொன்னார். பிறகு, "செல்லமுத்து!"

இருபத்துநாலு வருடத்துக்குப் பிறகு ஒருவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். கால் எழவில்லை. எந்த வாயால் 'இருக்கோம்' என்று சொல்வேன்? நான் இருப்பதால்தானே அவன் இல்லை. ஒரு மூச்சு விடுகிற நேரம் போயிருக்கும்.

"இருக்கேன் சார்."

என் இடது தோளுக்குப் பின்னாலிருந்து. 'இருக்கோம்' இல்லை, 'இருக்கேன் சார்'. நான் வாயைத் திறக்கவில்லை, இதை எந்தச் சாமி முன்னாலும் சத்தியம் செய்வேன். திரும்பிப் பார்த்தேன். புல்லும் வேலியும்தான். ஆனால் சோமாவதி அம்மே என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு ஆளைப் பார்ப்பதுபோல, முகத்து உயரத்தில். சாலி நானாவுடைய கண்ணில்லாத முகமும் என் பக்கம் இல்லை, கொஞ்சம் தள்ளித்தான் திரும்பியிருந்தது.

முடிந்ததும் அங்கேயே வாங்குப் பலகையில் உட்கார்ந்து பிளேன்டீயும் பணிசு ரொட்டியும் சாப்பிடுவது வழக்கம். அப்போதுதான் குடும்பத்துக்காரர்கள் கேட்பார்கள், என் பிள்ளை அங்கே எப்படி இருந்தான் என்று. சோமாவதி அம்மே வருடா வருடம் ஒரே கேள்விதானாம், கடைசி நாளில் மகன் காலில் செருப்பு இருந்ததா என்று. பட்டாளத்துக்காரர்களும் வருடா வருடம் இருந்தது என்றே சொல்வார்களாம்.

சாலி நானா தடவித் தடவி வந்து என் கையைப் பிடித்தார்.

"நீங்களா பதில் சொன்ன?"

"இல்லீங்க."

"தெரியும். அது அவன்ட பதில். அதே மாதிரிப் பிந்தி. அங்க காலைல பெரட்டுக் கூப்பிடுவாங்க, உங்கட தோட்டத்துப் பெரட்டு மாதிரித்தான், பேர் சொன்னதும் டக்கெண்டு பதில் வரோணும். ஒங்கட தம்பி மட்டும் ஒரு மூச்சு பிந்தித்தான் 'இருக்கேன் சார்' எண்டுவான். எத்தன தரம் ஏச்சு வாங்கினான்! நாங்களும் பகிடி பண்ணுவோம், 'என்னடா, ஒன்ட பேரு ஒனக்கே மறந்துட்டா?' எண்டு. சிரிப்பான், ஒண்டும் சொல்ல மாட்டான்."

நான் பிளேன்டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

"குண்டு விழுந்த அண்டைக்கு எனக்குக் கண் போச்சு. கட்டுப் போட்டுப் படுக்க வெச்சிருந்தாங்க. பின்னேரம் வெளில பெரட்டுக் கூப்பிடுறது கேக்குது. செல்லமுத்து எண்டாங்க. பதில் இல்ல. நான் நினைச்சேன், இவன் எப்பவும் பிந்தித்தானே சொல்வான், இப்பச் சொல்வான் எண்டு. காதக் குடுத்துக்கிட்டே கிடந்தேன். அடுத்த பேரக் கூப்பிட்டுட்டாங்க. என்ட காது இன்னம் அந்த இடத்துலதான் நிக்கிது. இண்டைக்குத்தான் பதில் வந்தது."

அவன் ஏன் பிந்தினான் என்று எனக்குத்தானே தெரியும். அது அவன் பெயர் இல்லை. ஒவ்வொரு நாளும் என் பெயரைத் தன் பெயர் என்று நினைவுபடுத்திக்கொள்ள அவனுக்கு அந்த ஒரு மூச்சு தேவைப்பட்டிருக்கிறது. நான் அழுதுவிட்டேன். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கை மீறி, ஏலக்காட்டில் படுத்ததிலிருந்து எல்லாவற்றையும் அந்தக் கண் தெரியாத மனிதரிடம் கொட்டிவிட்டேன். ஏசுவார் என்று நினைத்தேன். என் கையை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப மௌத்தான நாள்லேருந்து அவன்ட சொந்தப் பேரைச் சொல்லி யாருமே கூப்பிடல்லையா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லீங்க. அம்மாகூட கூப்பிடல."

"கல்லுல வெட்டினத என்னால மாத்தேலா. ஆனா நான் கல்லப் பாத்தா கூப்பிடுறேன்? வாற வருஷம் பாப்போம்."

அன்று சாயந்திரமே வள்ளியம்மையிடமும் சொன்னேன். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "விளக்க நான் ஏத்துறேன், பேர நீங்க சத்தமாச் சொல்லுங்க," என்றாள். சொல்லப் பார்த்தேன். முடியவில்லை.

அடுத்த வருடம் அவளும் கூட வந்தாள். செல்லமுத்து என்ற இடம் வந்தது. சாலி நானா நிமிர்ந்து நின்று, தோட்டத்துப் பெரட்டில் கூப்பிடுவது போல நீட்டி, "கருப்பையா!" என்றார்.

அவர் வாயில் அந்தப் பெயர் முடியவில்லை. அதற்குள், "இந்தா வந்துட்டேன்!"

நம்பினால் நம்புங்கள், அது அண்ணன் குரல். சோற்றுக்கு அம்மா கூப்பிட்டால் லயத்தின் எந்தக் கோடியில் இருந்தாலும் அண்ணன் அப்படித்தான் சொல்லுவான், அதே இழுவையில். சாலி நானாவுக்கு அது தெரிய வழியே இல்லை. வள்ளியம்மை என் கையை இறுக்கிப் பிடித்தாள். அவளுக்கும் கேட்டிருக்கிறது. அன்றைக்கு அந்தக் குரல் பிந்தவே இல்லை.

டீ குடிக்கும்போது சாலி நானா மெதுவாக, "செல்லமுத்து," என்றார். நான் அவர் யாரையோ சொல்கிறார் என்று சும்மா இருந்துவிட்டுப் பிறகுதான், "ஆ... சொல்லுங்க நானா," என்றேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "நீயுமா! ரெண்டு பேரும் ஒரு கணக்குத்தான்!" அதற்குப் பிறகு அவர் என்னை அந்தப் பெயரில்தான் கூப்பிட்டார். உலகத்தில் அவர் ஒருவர்தான்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் 'வந்துட்டேன்' என்று சொன்னவன் வந்தே விட்டானோ என்னவோ. ஒரு நாள் நான் பின்னால் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருக்கும்போது ஸ்டோர் முதலாளி எங்கள் வீட்டு வாசலில் வந்து, 'கருப்பையா' என்று கூப்பிட்டிருக்கிறார். நான் தலை துவட்டிக்கொண்டு வந்தால் அவருக்குக் கோபம். "உள்ளுக்கிருந்து 'இந்தா வந்துட்டேன்' எண்டு சொல்லிட்டு இவ்வளவு நேரமா?" என்கிறார். அப்போது வீட்டுக்குள் யாரும் இல்லை. இப்படி இதுவரை நாலைந்து தடவை நடந்திருக்கிறது. கருப்பையா என்று யார் கூப்பிட்டாலும் இப்போதெல்லாம் நான் உடனே வாயைத் திறப்பதில்லை. அவன் பெயர், அவனுக்கு முதலில் இடம் விடுகிறேன்.

சாலி நானா இந்த வருடம் காலமாகிவிட்டார். போன ஞாயிற்றுக்கிழமை கல்லடியில் பெயர் கூப்பிட்டவர் புது ஆள். கல்லில் இருக்கிறபடி தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். முன்கூட்டியே போய் விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், கூட்டத்தைப் பார்த்ததும் வழக்கம்போல வாய் கட்டிக்கொண்டது. எனக்கு இதுதான் கவலை. அண்ணனை மறுபடியும் என் பெயருக்குள் போட்டு மூடிவிடுவார்கள். இதை எழுதுவதே அதற்காகத்தான். இனிமேல் அங்கே பெயர் கூப்பிடுகிறவர் யாராக இருந்தாலும் தயவுசெய்து கருப்பையா என்று கூப்பிடுங்கள். அவன் பிந்தாமல் வருவான்.

அன்றைக்கு அந்த மனிதர், "செல்லமுத்து," என்று வாசித்தார். காத்திருந்தேன். பின்னாலிருந்து சத்தம் இல்லை. அது அவன் பெயர் இல்லையே, அவன் ஏன் இனிப் பதில் சொல்ல வேண்டும்? ஒரு மூச்சு போனது. நான் ஒரு அடி முன்னால் வைத்து, வாழ்க்கையில் முதல் தடவையாக நாலு பேர் கேட்க, "இருக்கேன் சார்," என்றேன்.

சோமாவதி அம்மேக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல். இன்னும் என் பக்கத்தில்தான் நிற்கிறார். நான் சொன்ன சத்தத்துக்கு அவர் சட்டென்று திரும்பினார். ஆறு வருடத்துக்கு முன்னால் பார்த்த அதே பார்வை. என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், முகத்து உயரத்தில், அங்கே அண்ணன் நிற்கிறான், அவன்தான் அந்தப் பதிலைச் சொன்னான் என்பது போலப் பார்த்தார்.

இப்படிக்கு,
செல்லமுத்து
மாத்தளை, 1972 நவம்பர் 19