கரண்டி ஊசி குத்திய சால்வை

மகளின் பட்டமளிப்புக்காக சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ கல்லூரிக்குப் போயிருந்தேன். "சாறி வேண்டாம் அம்மா, எல்லாரும் பாப்பினம்" என்று மகள் சொன்னதால் காற்சட்டையும் கோட்டும் போட்டிருந்தேன்.

பக்கத்துக் கதிரையில் ஒரு பொலிவியாக்காரி. என் வயதுதான், அவளும் மகளின் பட்டமளிப்புக்குத்தான் வந்திருந்தாள். தாங்கள் மலையில் கம்பளிக்காக லாமா மேய்க்கிற அய்மாரா இனத்து ஆட்கள் என்றாள். கையால் நெய்த கறுப்புக் கம்பளிச் சட்டை. மேலே கோடு போட்ட சால்வை. கரண்டி போன்ற வெள்ளி ஊசியால் அதைக் குத்தியிருந்தாள். அடிக்கடி அந்த ஊசியைத் தொட்டுப் பார்த்தாள். எல்லாரும் அவளைத்தான் பார்த்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

"ஊரிலை எல்லாரும் இதுதானோ உடுக்கிறது?" என்று தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் கேட்டேன். அவளுடைய பிரெஞ்சும் என்னுடையது போலத்தான்.

"இடையிலை விட்டிட்டம். லாமாவின்ரை காதிலை கலர் நூல் கட்டி அலங்கரிக்கிற நாள் ஒண்டு இருக்கு. ஒருக்கா லாமாவெல்லாம் வடிவா நிண்டுது, நாங்கள் ஜீன்ஸோட நிண்டம். எங்களுக்கே சிரிப்பு வந்திட்டுது. அடுத்த வருசம் பொம்பிளையள் எல்லாரும் சேர்ந்து திரும்ப நெய்தம்."

"உங்கடை மகள் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"அவளும் போட்டிருக்கிறாள், பாருங்கோ." மேடையில் நின்ற அவளுடைய மகளின் பட்டமளிப்பு அங்கிக்குக் கீழே கறுப்புக் கம்பளி தெரிந்தது.

விழா முடிந்ததும் என் மகள் ஓடி வந்தாள். "அம்மா, இந்த அன்ரியோட என்னை ஒரு படம் எடுங்கோ. என்ன வடிவு!"

எடுத்துக் கொடுத்தேன். படத்தில் அந்தப் பொலிவியாக்காரியின் ஒரு கை ஊசியில், மற்றது என் மகளின் தோளில். அவள் பெயரை நான் கேட்கவில்லை. பொறாமை இன்னும் போகவில்லை.