மூன்று தடவை கூப்பிட்ட பெயர்

ஆலங்குடிப் பக்கம் வயிற்றுப்போக்கு பரவியிருந்த சமயம். மிஷன் சிஸ்டர் வாரம் ஒருநாள் வந்து எங்கள் மாதா கோயில் வாசலில் மருந்து கொடுப்பார். உபதேசியாரான நான் கோயில் பதிவேட்டிலிருந்து எழுதிய பட்டியலைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவேன். மூன்று தடவைக்குள் வராவிட்டால் அடுத்த ஆள்.

அன்று “எலிசபெத்தம்மாள்” என்று மூன்று தடவை கூப்பிட்டேன். யாரும் வரவில்லை. நானும் பட்டியலிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. மருந்து தீர்ந்து சிஸ்டர் பஸ் ஏறிப் போன பிறகும், கருப்பாயி மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள்.

“என்னைய இன்னும் கூப்பிடலீங்களே ஐயா” என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போன மாதம் ஞானஸ்நானத்தில் அவளுக்கு எலிசபெத்தம்மாள் என்று பெயர் வைக்கச் சொன்னவனே நான்தான். அதற்குப் பிறகு நான்கூட அவளைக் கருப்பாயி என்றுதான் கூப்பிட்டேன்.

அடுத்த வாரம் ஒரு தடவை கூப்பிட்டதுமே எழுந்து வந்தாள். கையில் குழந்தை இல்லை.

“மருந்து வேணாங்க. இனிமே இந்தப் பேரு எனக்கு மறக்காதுங்க ஐயா” என்றாள்.

இப்போது நான் பட்டியல் எடுத்துப் போவதில்லை. உட்கார்ந்திருப்பவர்களிடம் நானே போய், “புள்ளைக்கு என்ன செய்யுது?” என்று கேட்கிறேன். பெயர் கேட்பதில்லை.