திரும்பி வந்த கேழ்வரகு மூட்டை

அன்று ரயிலடியில் இருந்தது எங்கள் ஊர் வாத்தியார், சரக்குக் குமாஸ்தா, வண்டிக்காரனான நான், என் இரண்டு மாடுகள்.

வாத்தியார் ஒல்லி. வெயிலிலும் கழுத்துவரை பொத்தான் போட்டிருப்பார். வங்காளத்துப் பஞ்சத்துக்கென்று பிள்ளைகளை வீடு வீடாக அனுப்பிக் கேழ்வரகு சேர்த்தார். கொண்டுவந்த பிள்ளையின் சட்டையில் நீலத்துணி குத்தி, "இனிமே உலகமே உன் ஊருதான்டா" என்பார். துணி கோணியிருந்தால் தெருவிலேயே நிறுத்தி நேராக்குவார். தன் சட்டையிலும் ஒன்று குத்தியிருந்தார்.

"பர்மிட் இல்லாம தானியம் ஜில்லா தாண்டாதுங்க" என்றார் குமாஸ்தா.

"எழுதிக் கேட்டு மூணு மாசமாச்சுங்க. பதிலே இல்லீங்க."

"அப்ப வண்டியத் திருப்புங்க. இங்க போட்டா எலிதான் திங்கும். அதுக்கும் நீலத்துணி குத்துவீங்களா?"

வாத்தியார் வண்டியில் ஏறிக்கொண்டார். பதுக்கல் மூட்டை என்று வழியில் பிடித்தால் வண்டியும் போய்விடுமே என்று மூட்டைமேல் வைக்கோலைப் பரப்பினேன்.

அதியமான்கோட்டை தாண்டியதும், "மெதுவா ஓட்டுங்கண்ணே. பசங்க வூட்டுக்குப் போன பொறவு ஊருக்குள்ள போலாம்" என்றார் வாத்தியார்.

பிள்ளைகள் போகவில்லை. நீலத்துணியோடு ஏரிக்கரையில் காத்திருந்தார்கள். மூட்டையைப் பார்க்காமலே ஒரு சிறுமி ஓடி வந்தாள்.

"சார், அந்தூருப் புள்ளைங்க களி தின்னாங்களா?"

அவர் இறங்கி, நேராகவே இருந்த அவள் துணியை நேராக்கினார். பிறகு தலை குனிந்து நடந்தார். அப்போது என்ன நினைத்தாரோ, இன்றும் எனக்குப் புரியவில்லை.

அடுத்த மாதமே மாற்றலாகிப் போய்விட்டார். ரயிலடிக்குப் போகப் பேசிய வண்டி வாடகையைக் கொடுத்துவிட்டார். மூட்டை திரும்பி வந்த வாடகையைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒன்றரை ரூபாய் பாக்கி.