முக்கால் சுற்று

அந்த ஸ்குரூவின் தலையில் சிவப்புப் பெயின்ட் பொட்டு ஒன்று இருந்தது. மெஷினைத் தயாரித்த கம்பெனிக்காரன் வைத்தது. இதைத் திருகாதே என்று அர்த்தம். கள்ளக்குறிச்சியில் ஒரு மருத்துவ அறக்கட்டளையின் அலுவலகத்தில், கம்ப்யூட்டர் விவரங்களை நாடாவில் எழுதிப் படிக்கும் டேப் டிரைவின் மூடியைக் கழற்றிவிட்டு நான் அந்தப் பொட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற கம்ப்யூட்டர் அக்கா, "அத்த இன்னாத்துக்கு சார் தொடறீங்க? இதுல எழுதனது இதுல நல்லாத்தான் படிக்குது" என்றார். நான் சிரித்தேன். சென்னையிலிருந்து டையும் டூல் பெட்டியுமாக வந்திறங்கிய சர்வீஸ் இன்ஜினியர் நான். டைப் அடிக்கிறவர் எனக்கு மெஷினைப் பற்றிச் சொன்னால் சிரிக்காமல் என்ன செய்வேன்.

எல்லோரும் அவரைக் கம்ப்யூட்டர் அக்கா என்றே கூப்பிட்டார்கள், நானும் அப்படியே. வெள்ளிமலைக்குப் பக்கத்து ஊர்க்காரர். வாரம் முழுக்கக் கள்ளக்குறிச்சியில் தங்கி, சனிக்கிழமை மலை பஸ் ஏறுவார். கல்வராயன் மலையில் அறக்கட்டளை நர்சுகள் பார்த்த பிரசவங்கள் எல்லாம் நோட்டில் எழுதி வரும்: தாயின் பெயர், ஊர், தேதி, குழந்தையின் எடை. அக்கா அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஆண்டு முடிந்ததும் டேப்பில் எழுதிவிடுவார். டிஸ்க்கில் இடம் போதாது என்பதால் அங்கிருந்து அழித்துவிடுவார். நோட்டுகளில் கரையான் ஏறியதும் அலுவலகத்திலேயே கொளுத்திவிட்டார்கள். ஆக, அந்தக் குழந்தைகள் பிறந்ததற்குச் சாட்சி அந்த டேப்புகள் மட்டும்தான். அக்கா அவற்றைப் பழைய புடவைத் துணியில் சுற்றி பீரோவில் வைத்திருந்தார். மழை நாளில் பீரோவிலிருந்து எடுத்ததை உடனே டிரைவில் போடமாட்டார். மேசைமேல் வைத்து, "ரூமுக்குக் கொஞ்சம் பழகட்டும் சார்" என்பார். அதற்கும் சிரித்தேன். ஈரத்தில் டேப் விரியும், எழுத்து இடம் மாறும், அக்கா செய்தது முழுக்கச் சரி என்பதெல்லாம் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது.

என்னை வரவழைத்த காரணம் எளிது. அக்கா முதல்முறையாக எழுதி அனுப்பிய டேப்பைச் சென்னைத் தலைமை அலுவலகத்து டிரைவ் படிக்கவில்லை. திறந்து பார்த்தால், டேப்பின் மேல் எழுதவும் படிக்கவும் செய்கிற ஹெட், இருக்க வேண்டிய இடத்தைவிடத் தலைமுடி கனம் கீழே இறங்கியிருந்தது. கையிலிருந்த சோதனை டேப்பை ஓட்டிப் பார்த்து, ஸ்குரூவை முக்கால் சுற்று திருகி நேராக்கினேன். அடுத்து எழுதிய டேப்பைச் சென்னை படித்தது. கைகுலுக்கினார்கள், பிரியாணி வாங்கிக் கொடுத்தார்கள்.

பள்ளி திறக்கும் சமயத்தில் மலையிலிருந்து ஒரு தகப்பன் வந்தார். மகளைச் சேர்க்கப் பிறந்த தேதி வேண்டும். அக்கா பழைய டேப்பைப் போட்டார். படிக்கவில்லை. அடுத்ததும் படிக்கவில்லை. ஒன்பது வருஷத்து டேப்பும் ஒன்றுகூடப் படிக்கவில்லை. என்னைத் திரும்ப அழைத்தார்கள். டிரைவைச் சோதித்தேன், குறை சொல்ல முடியாத துல்லியத்தில் இருந்தது. 'டிரைவில் கோளாறு இல்லை. டேப்புகள் பராமரிப்பில் கெட்டுள்ளன' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் அந்தத் தாளை அக்காவின் முன்னால் வைத்தார். "நீங்க திருகறதுக்கு மொத நாளுகூட படிச்சிது சார்" என்று மட்டும் அக்கா என்னைப் பார்த்துச் சொன்னார். அன்று சாயங்காலமே அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

பஸ் உளுந்தூர்பேட்டையைத் தாண்டுவதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. இறங்கிப்போன ஹெட் ஒன்பது வருஷமும் இறங்கிய இடத்திலேயே எழுதியது, அதே இடத்தில் படித்தது. நான் அதை நேராக்கியதும் எழுத்து ஓரிடத்தில், ஹெட் ஓரிடத்தில் ஆகிவிட்டது. டேப்புகளுக்கு ஒரு கேடும் இல்லை. முக்கால் சுற்று திருப்பித் திருகினால் போதும். இறங்கி எதிர்ப் பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். போட்ட கையெழுத்தை நினைத்தபடி உட்கார்ந்தே இருந்தேன். பயந்தேன் என்று சொன்னால்கூட மரியாதையாக இருக்கும். ஒன்றும் தோன்றவில்லை. கால் மரத்துப்போனால் அது நம்முடையது போலவே இருக்காதே, அப்படி. இருபது வருஷமாகியும் அது முழுக்க விடவில்லை.

இன்று டேப் டிரைவ் வடிவமைக்கிற குழுவில் இருக்கிறேன். இப்போதெல்லாம் ஸ்குரூ கிடையாது. டேப்பிலேயே வழிகாட்டிக் கோடுகள் இருக்கும். ஓடும்போதே ஹெட் அவற்றைப் பார்த்துத் தன் இடத்தைத் திருத்திக்கொள்ளும். அந்தத் துல்லியத்தை இன்னும் கூட்டுவதுதான் என் வேலை. போன மாதக் கூட்டத்தில் கூட வேலை செய்யும் பெண் ஒருத்தி சொன்னாள்: "பழைய டேப் வந்தால் ஹெட் சரியான இடத்தைத் தேடக் கூடாது. எழுதிய ஹெட் எங்கே நின்றதோ, அந்த இடத்தைத் தேட வேண்டும்." எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். மறுநாள் லீவு போட்டுவிட்டு வெள்ளிமலைக்குப் புறப்பட்டேன்.

அக்கா வாசலில் சாமை காயவைத்துக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. நின்றபடியே முழுவதையும் சொன்னேன். டேப்புகள் எங்கே என்று கேட்டேன்.

"ஆபீச மூடனப்பவே எல்லாத்தியும் கொளுத்திட்டாங்க சார்" என்றார். கையிலிருந்த சாமையைத் தட்டிவிட்டார். "டேப்புல ஒரு கோளாறும் இல்லன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். யாரு கேட்டாங்க? புள்ளைங்க கணக்க அழிச்சவன்னு ஊர்ல இன்னும் என்னத்தான் பேசிக்கினு இருக்காங்க. எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? அவுங்க வாசல்ல வந்து சொல்லுங்க."

அவர் முன்னால் நடந்தார். முதல் வீட்டு வாசலில் ஒரு அம்மா நின்றிருந்தார். நான் திருகியதை, எழுதிக் கொடுத்ததை, தெரிந்தும் பேசாமல் இருந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப இந்தம்மா மேல தப்பு இல்ல."

"இல்லைங்க."

"சரி சார். எம் பொண்ணுக்கு இஸ்கூல்ல அவங்களா ஜூன் ஒண்ணுன்னு போட்டுக்கினாங்க. நெஜத் தேதி இன்னா?"

அது டேப்போடு எரிந்துபோயிருந்தது. அக்கா தெருவில் இறங்கி, "அடுத்த வூட்டுக்கு வாங்க சார்" என்றார்.