சொல்தாவின் கரண்டி

பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரரை எங்கள் முதலியார்பேட்டையில் சொல்தா என்போம். பக்கத்து வீட்டுச் சொல்தா கஞ்சி போட்ட கால்சட்டையின் மடிப்புக் கலையாமல் நடப்பார். ஆனால் வளர்த்தது ஒரு பன்றி. அதைக் குளிப்பாட்டிப் பவுடர் அடித்து, தன் வெள்ளிக் கரண்டியாலேயே ஊட்டுவார். அதற்கு ஒரு வாய், தனக்கு ஒரு வாய். அதைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்காது.

என் மகளைப் பெண் பார்க்க வரும் நாளில், ஆற வைத்திருந்த கேசரியில் அது மூக்கை விட்டுவிட்டது. சட்டியோடு தூக்கிப்போய் அவர் வாசலில் வைத்தேன்.

"சொல்தாண்ணே, ஒம் புள்ள வாய் வச்சிட்டான். இனிமே இத எவன் திம்பான்?"

"எந்தப் பக்கம் வச்சான் தங்கச்சி?"

"அவன் மூஞ்சி முழுக்க கேசரி. பக்கம் கேக்குறியேண்ணே."

"முந்திரி போட்டிருக்க, வீணாக்கலாமா?" என்று அங்கேயே உட்கார்ந்து கரண்டியை எடுத்தார். அதற்கு ஒரு வாய், தனக்கு ஒரு வாய்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார்கள்.

"வாங்கம்மா, தங்கச்சி எம் பையனுக்குன்னே கேசரி கிண்டியாந்திருக்கு" என்றார் சொல்தா, வாயைக்கூடத் துடைக்காமல். சம்பந்தம் போயிற்று என்று நினைத்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டே புருஷனிடம் கிசுகிசுத்தாள். "பன்னிக்கே முந்திரி கேசரி போடுற வூடு. சீர்ல கொற வெக்க மாட்டாங்க, முடிச்சிடு."

கல்யாணம் நடந்து பேரனும் பிறந்தான். பார்க்க வந்த சொல்தா குழந்தைக்கு ஒரு வெள்ளிக் கரண்டி தந்தார். நானும் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டே இருக்கிறேன். புதுசா, பழசா என்று அவரைக் கேட்கத்தான் தைரியம் வரவில்லை.