ஆளுக்கு இரண்டு பாக்கெட்

என் அத்தா கோல சிலாங்கூரில் சாப்பாட்டுக் கடை போட்ட காலத்தில் சீனி சணல் சாக்கில் வந்தது. சீனிக் கம்பெனி லோரிக்காரர் முதுகில் சுமந்து வந்து இறக்கிவிட்டு, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார். பிறகு நைலான் சாக்கு. பிறகு கம்பெனி பெயர் போட்ட காலண்டர், ஒரு கிலோ பாக்கெட், பெரிய ஹோட்டல்களுக்கென்று விரல் நீளக் காகிதப் பொட்டலம். நான் கல்லாவில் உட்கார்ந்த நாளில், எங்கள் சந்துக்குள் நுழைய முடியாத அளவுக்கு லோரி பெருத்துவிட்டது. நாடு முழுக்க அந்தச் சீனிதான். அது வளர்ந்ததில் என் கடைக்கும் பங்குண்டு என்று வருகிறவர்களிடம் பீற்றிக்கொள்வேன். என் வயிறும் அதே வேகத்தில்தான் வளர்ந்தது. அதற்கு மட்டும் யாரும் விழா எடுக்கவில்லை.

அப்பேர்ப்பட்ட கம்பெனியின் லோரி ஒரு சமயம் இரண்டு வாரம் வரவில்லை. ஏனென்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். சூப்பர்மார்க்கெட்டில் ஆளுக்கு இரண்டு பாக்கெட்தான் கொடுத்தார்கள், அதுவும் வீட்டுக்கு மட்டும்.

நான் கடைக்காக வரிசையில் நின்றேன். முதல் தடவை சொங்கோக் தொப்பி போட்டுக்கொண்டு. இரண்டாவது தடவை வெறும் வழுக்கையோடு. மூன்றாவது தடவை முகக்கவசமும் மகனின் கால்பந்துச் சட்டையும். சட்டை தொப்புளுக்கு மேலேயே நின்றுவிட்டது. இருந்தாலும் வேஷம் பிரமாதம் என்றுதான் நினைத்தேன்.

எனக்குப் பின்னால் பக்கத்து எஸ்டேட் அக்கா ஒருவர் நின்றார். வீட்டில் பலகாரம் செய்து விற்பவர், என் கடைக்கும் வருகிறவர். பக்கத்திலிருந்த பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

"பத்தாங் காலியில ஒரு கல்யாணத்துக்கு லட்டு கேட்டிருக்காங்க. இவ்ளோ பெரிய ஆர்டரு இதான் மொத தடவ. மிச்ச சீனியெல்லாம் சேத்துட்டேன், இன்னும் ரெண்டு பாக்கெட்டு கெடச்சா போதும் லா."

கல்லாவில் இருந்த மலாய்ப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்து, இப்போதுதானே வாங்கிக்கொண்டு போனீர்கள் என்று கேட்டாள். அக்கா முந்திக்கொண்டார். அது இவருடைய அண்ணன், இவர்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே முகம் என்று மலாயில் சொல்லிவிட்டு, என் பக்கம் குனிந்து, "பாய், மூச்ச மெதுவா விடுங்க. சட்ட கிழிஞ்சிரும்" என்றார்.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே எனக்கு எடுத்துக் கொடுத்தவைதான் கடைசி இரண்டு பாக்கெட். அடுத்து நின்ற அக்காவிடம், சீனி முடிந்துவிட்டது என்று கையை விரித்தாள்.

வாசலில் அக்காவுக்காக நின்றேன். "அக்கா, இத நீங்க வச்சிக்குங்க" என்று பாக்கெட்டுகளை நீட்டினேன். நீட்டினேன் என்றா சொன்னேன்? நெஞ்சோடு அணைத்தபடியேதான் சொன்னேன்.

"வேணாம் பாய். ஒங்க கடையில ஆளுங்க தேத்தண்ணிக்குக் காத்துக்கிட்டு இருப்பாங்க. நான் சபாக்கு டவுனுல போயி பாக்குறேன்."

அது மரியாதைக்குச் சொன்ன வேண்டாம். நம்மவர்கள் மூன்று தடவை வற்புறுத்தினால்தான் கை நீட்டுவார்கள். வேண்டாம் வேண்டாம் என்கிறவர்களின் தட்டில் கறியை அள்ளிப் போட்டே காலம் தள்ளியவன் நான். எனக்குத் தெரியாதா? அன்று ஒரே தடவைதான் கேட்டேன். அவர் வேண்டாம் என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

சபாக்கிலும் கிடைக்கவில்லை. ஆர்டர் ரவாங்கில் ஒரு பலகாரக் கடைக்குப் போய்விட்டது. அடுத்த வாரம் அக்காவே என் கடையில் உட்கார்ந்து, யாருக்கோ நடந்ததைப் போல அதைச் சொன்னார். நான் தேத்தண்ணியைக் கொண்டுபோய் வைத்தேன். சீனி போதுமா அக்கா என்று வழக்கம்போலக் கேட்க வாயைத் திறந்து, மூடிக்கொண்டேன்.