செபமாலையில் ஓடிய இங்கிலீஷ்

மாதாவுக்கு மரியாதைக் குறைவாகுமோ என்று பயந்து, இதைப் பல வருஷமாக எழுதாமல் இருந்தேன்.

உப்புவெளி பஸ்ஸில் பக்கத்தில் இருந்த மெலிந்த பெண் செபமாலை உருட்டி முணுமுணுத்தாள். ஒருவர் செபத்தின் முதற்பாதியைச் சொன்னால் மற்றவர் முடிப்பது எங்கள் வழக்கம்; அப்படியே நான் மறுபாதியைச் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இது செபமில்லை அக்கா. ‘கோ, வென்ட்’ பாடமாக்கிறன். இண்டைக்கு ஹோட்டல் வேலைக்கு இன்டர்வியூ. நேற்று என்ன செய்தனீங்கள் எண்டு இங்கிலீஷில கேட்பினம். போனமுறை நடுங்கி, ஒண்டும் வரேல்லை. மணியைப் பிடிச்சாத்தான் நடுக்கம் நிக்குது.”

“எனக்கு ‘கோ’ மாதிரி முதற்பாதிதான் தெரியும். நான் சொல்லுறன், நீங்கள் முடியுங்கோ,” என்றேன்.

நான் ‘கம்’ என்றேன், அவள் ‘கேம்’ என்றாள். அவள் இறங்கும் இடம் வரும்வரை அப்படியே போனது.

“மாதா கோவிப்பாவோ அக்கா?”

“அவ கேட்டுக்கொண்டுதான் இருக்கிறா. பயப்படாமல் போங்கோ.”

வேலை கிடைத்ததோ தெரியாது. அன்று சொன்னதை மாதா செபமாகவே ஏற்றிருப்பார் என்று நம்புகிறேன். யாருக்காவது இதைச் சொன்னால், கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள்.